மாப்பிள்ளைக்கு நான் கொடுத்த பாட்டுகள்

எனக்குக் கை நீட்டும் பழக்கம் இருந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, ஒளிக்கவும் இல்லை. எருமப்பட்டிப் பக்கம் எங்கள் கோழிப்பண்ணைக்கு முட்டை ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவனை அடித்திருக்கிறேன். ஷெட்டுக்குப் பக்கத்தில் ஏர்ஹாரன் அடிக்காதே என்று மூன்று தடவை சொல்லியும் நான்காவது தடவையும் அடித்தான். கூண்டுக் கோழிக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. ஒரு ஹாரனுக்கு நாலாயிரம் கோழியும் ஒரே நேரத்தில் எழும்பி இறக்கையைக் கம்பியில் அடித்துக்கொள்ளும். சிலது கழுத்து மாட்டிச் சாகும். மிச்சமிருப்பது இரண்டு நாளைக்கு ஓடு பிடிக்காத தோல்முட்டை போடும். அன்றைக்குப் பதினோரு கோழி செத்தது. டிரைவரைச் சீட்டிலிருந்து இழுத்துக் கீழே போட்டு, வாயில் ரத்தம் வரும்வரை விடவில்லை. வந்த பிறகும் உடனே விட்டேன் என்று சொல்ல முடியாது.

அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது இரண்டு. ஒன்று ஷெட், இன்னொன்று இந்தக் கை. அப்பா அம்மாவை அடிப்பார். பெரிய காரணமெல்லாம் வேண்டியதில்லை. தீவன மூட்டை நனைந்தது, குழம்பில் உப்பு, ஏதோ ஒரு கல்யாணத்தில் அவருக்கு மரியாதை குறைந்தது, எதுவானாலும் போதும். நானும் தங்கச்சியும் அடுத்த அறையில் இருப்போம். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல் ஒரே இரைச்சலாகக் கேட்கும், அதற்குள் அம்மாவின் குரல் மெலிசாக வந்து வந்து போகும். ஒரு வார்த்தையும் பிடிபடாது. ஆனால் அப்போது நாங்கள் ஊருக்குள் குடியிருந்தோம், தெருவுக்கே கேட்கும். எதிர்வீட்டுக்காரர், மளிகைக்கடைக்காரர், யாராவது வந்து கதவைத் தட்டி, “போதும் உடப்பா, செத்துகித்துப் போயிரப் போகுது” என்பார்கள். அப்பா விட்டுவிடுவார், வெளியாள் முன்னால் அவர் நல்லவர். அம்மா இன்றைக்கு உயிரோடிருப்பதற்கு அந்தத் தெருவின் காதுதான் காரணம். அப்பா மாரடைப்பில் போனபோது நான் அழவில்லை.

நான் பிறகு மாட்டிக்கொண்ட இசையும் ஓர் அடிதடியில்தான் என்னிடம் வந்தது. சேலத்தில் முட்டை மொத்த வியாபாரம் செய்கிற பாய் வீட்டுப் பையன் ஒருவன் எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்து சிநேகிதன். அவன் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், டீக்கடை வாசலில் என் வண்டியை இடித்துச் சாய்த்துவிட்டு என்னையே முறைத்த ஒருவனை அடித்தேன். அவன் கைக்குள் சாவி வைத்துக்கொண்டு திருப்பி அடித்தான், என் புருவம் கிழிந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்க, இன்னும் நாலு போடலாம் என்று நான் திமிறிக்கொண்டிருந்தபோது நண்பன் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தன் காருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான்.

“அவனை விட்டுட்டு வரச் சொல்றியாடா?” என்றேன்.

“வாயத் தொறந்தேன்னு வெச்சுக்க, நடுரோட்டுலயே எறக்கி விட்டுருவேன். கம்முனு இதக் கேளு” என்று எதையோ போட்டு, சத்தத்தை ஏற்றினான்.

முதலில் நான் கேட்டது, “ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சாடா?” என்றுதான். கிடார் என்று சொன்னால்தான் தெரியும். ஒரே இரைச்சல், அதன் மேல் இன்னோர் இரைச்சல். கிழியவில்லை, அப்படித்தான் வாசித்திருக்கிறார்கள் என்றான் அவன். மல்லூர் தாண்டும்போது அந்த இரைச்சலுக்குள் யாரோ பாடிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒரு பெண். என்ன மொழி, என்ன வார்த்தை, எதுவும் தெரியவில்லை. கத்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அத்தனை சத்தத்துக்கு நடுவில் தன்பாட்டுக்கு மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தாள். எனக்கு இந்தச் சத்தம் தெரியும் என்று தோன்றியது. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ நாள் கேட்டது. என்ன வித்தியாசம் என்றால், இங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. அடிக்க வேண்டும் என்று எனக்கு வெறி வரும்போது உடம்புக்குள் என்ன கேட்குமோ அதை அப்படியே வெளியே எடுத்து வைத்திருந்தார்கள், அதற்குள் ஒருத்தி பத்திரமாக இருந்தாள். மல்லூரில் அழ ஆரம்பித்தவன் ராசிபுரம் வரும்வரை நிறுத்தவில்லை. நண்பன் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டினான். ராசிபுரத்தில் புருவத்துக்கு ஐந்து தையல் போட்டார்கள்.

பிறகு அவன்தான் விளக்கினான். இந்த இசைக்கு ஷூகேஸ் என்று பெயராம். வாசிக்கிறவர்கள் கூட்டத்தைப் பார்க்கவே மாட்டார்களாம். கிடாரின் சத்தத்தை மாற்றுகிற பெட்டிகள் காலடியில் வரிசையாக இருக்கும், அவற்றை மிதிப்பதற்காகக் குனிந்து தங்கள் ஷூவையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். ஷூவை வெறிக்கிறவர்கள் என்று பார்த்தவர்கள் கேலியாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ட்ரீம் பாப் என்று இன்னொன்று, அதே வீட்டில் பிறந்த சாதுவான பிள்ளை, இரைச்சல் குறைவு, குரல் கொஞ்சம் வெளியே தெரியும். இரண்டையும் நான் பேயாகக் கேட்டேன். பெரும்பாலும் நான் பிறப்பதற்கு முன்பு வந்தவை, அல்லது நான் பால்குடி மறந்த காலத்தில் வந்தவை. எல்லாம் முடிந்து அடங்கிப்போன பிறகு ஒருவன் நாமக்கல் ஜில்லாவில் உட்கார்ந்து இப்படிக் கட்டிக்கொண்டு அழுவான் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பக்கம் பண்ணைகளில் ஷெட்டுக்குள் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். கோழிக்குப் பாட்டா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். காதில் ஏற்கெனவே ஒரு சத்தம் இருந்தால், வெளியிலிருந்து வருகிற வெடியோ ஹாரனோ கோழியை அவ்வளவாகத் தூக்கிப்போடாது, அதற்காகத்தான். ஆனால் ரேடியோவில் ஒரு வம்பு உண்டு. மெதுவாகப் போகிற பாட்டில் திடீரென்று மேளம் விழும், விளம்பரத்தில் எவனாவது கத்துவான். நான் ரேடியோவைக் கழற்றிவிட்டு, விட்டத்தில் ஸ்பீக்கர் கட்டி என் பாட்டுகளைப் போட்டேன். இவற்றில் திடுக்கென்று எதுவும் வராது. இரைச்சல் எழுந்தால் பொங்கி எழும், அடங்கினால் மெல்ல அடங்கும். அந்த வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் போட்ட வெடிக்கு என் ஷெட்டில் ஒரு கோழிகூடச் சாகவில்லை.

கோழியைச் சாதுப் பிராணி என்று நினைப்பவர்கள் ஷெட்டுக்குள் வந்து பார்க்க வேண்டும். ஒன்றின் பின்புறத்தில் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தால் போதும், அதே கூண்டில் இருக்கிற மற்றதெல்லாம் சேர்ந்து குடல் வெளியே வரும்வரை கொத்தும். அதனால்தான் குஞ்சிலேயே பழுக்கக் காய்ந்த தகட்டில் மூக்கைச் சுட்டு வெட்டுகிறோம். பாட்டு போட்ட பிறகு இந்தக் கொத்து குறைந்தது என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையிலேயே குறைந்ததா, எனக்கு அப்படித் தோன்றியதா, தெரியாது. எனக்குக் குறைந்தது. இரண்டு வருஷம் நான் யார் மேலும் கை வைக்கவில்லை. வெறி வந்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தீவன அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன், அரை மணி நேரத்தில் மனுஷனாக வெளியே வருவேன்.

குணமானவன் சும்மா இருப்பானா? பார்க்கிறவர்களுக்கெல்லாம் பாட்டு சிபாரிசு செய்ய ஆரம்பித்தேன். அதையும் அடிதடி மாதிரியே செய்தேன் என்று நண்பன் சொல்வான். தீவனம் கொண்டுவருகிறவரை நிறுத்தி வைத்து, ஏழு நிமிடப் பாட்டை முழுதும் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் காதில் ஹெட்போனைச் செருகியிருக்கிறேன், அவர் கையில் சாம்பார் சோறு. கோழி டாக்டர் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, “ஏனுங்க, இதை இன்னும் கொஞ்ச நேரம் கேட்டா எனக்கே முட்டை நின்னுரும்போல இருக்குதுங்களே” என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது, ஆனால் அடிக்கவில்லை.

சிபாரிசில் எனக்கென்று ஒரு முறை இருந்தது. புதிதாகக் கேட்கிறவனுக்கு எடுத்த எடுப்பில் பெரிய இரைச்சலைக் கொடுக்கக் கூடாது, ஓடிவிடுவான். முதல் மூன்றும் ட்ரீம் பாப், குளித்துவிட்டு வந்து நிழலில் உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும். நான்காவதிலிருந்து சத்தம் ஏற வேண்டும். எட்டாவதில் உச்சம், அதில் கிடாருக்குள்ளிருந்து ஒரு பெண் வார்த்தையே இல்லாமல் இழுத்து இழுத்துக் குரல் கொடுப்பாள், கேட்டால் முதுகு சிலிர்க்கும். அதற்குப் பிறகு மெல்ல இறங்கிப் பன்னிரண்டில் முடிக்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டு நாலு வினாடி இடைவெளி விடுவேன், முந்தினது அடங்கினால்தான் அடுத்தது ஏறும். நண்பன் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தான். சமையல் குறிப்பு மாதிரி சொல்கிறாய் என்றான்.

தங்கச்சி என்னைவிட நாலு வயது சின்னவள். அவளை மேற்கே பக்கத்துக் காட்டில்தான் கட்டிக் கொடுத்திருந்தோம், அவர்களுக்கும் கோழிப்பண்ணை. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் மரவள்ளி விளைகிற ஒரு குச்சிக்கிழங்குக் காடும் ஓர் ஓடையும். இரண்டு குடும்பமும் ஊரை விட்டுக் காட்டுக்குள் தனியாக வீடு கட்டியிருந்தோம். கூப்பிடு தூரத்தில் இருந்தால் நல்லது பொல்லதுக்கு ஓடிப்போகலாம் என்று அம்மாதான் அந்த இடத்தை முடித்தாள். உண்மையில் கூப்பிடு தூரம்தான். அங்கே யாராவது கத்தினால் கேட்பதற்கு எங்கள் வீட்டைத் தவிர வேறு வீடு கிடையாது.

கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒரு நாள் காலையில் அந்தப் பக்கமிருந்து அவள் கத்துவது கேட்டது. நான் கூண்டுக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாப்பிள்ளை அதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன், உதடு கிழிந்து கன்னம் வீங்கியிருந்தது. அவரைத் தேடிப் போவதற்கு நான் கிளம்ப, அம்மா கதவை மறித்து நின்றாள்.

“நீ அவரை அடிச்சீன்னா இவ அங்க பொழைக்க முடியாது சாமி. நானெல்லாம் பொழைக்கலையா?”

அன்றைக்கு எனக்கு மாப்பிள்ளை மேல் வந்ததைவிட அம்மா மேல்தான் அதிகமாக ஆத்திரம் வந்தது. தங்கச்சியும், “வேண்டாமுங்கண்ணா, அவருக்குக் கோவம் வந்தா நெதானம் தெரியாது, மத்தபடி நல்லவருதான்” என்றாள். நாலாம் நாள் அவளாகவே கிளம்பிப் போனாள். நான் தீவன அறையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. என்னை மாற்றியது இந்த ஆளை மட்டும் மாற்றாதா? அவரும் என்னைப்போல ஒரு முரடன், அவ்வளவுதானே. இது அறிவாளித்தனமான யோசனை என்று நினைத்தேன். அடிப்பதைவிட மேலான ஒன்றைச் செய்கிறோம் என்று கர்வமாகக்கூட இருந்தது.

ஈரோட்டுக்குப் போய் ஒரு ஸ்பீக்கர் பொட்டி வாங்கினேன். கல்யாண மண்டபத்தில் வைக்கிற மாதிரி, என் இடுப்பு உயரம். பன்னிரண்டு பாட்டை என் முறைப்படி வரிசையாகப் பென்டிரைவில் ஏற்றினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் அவர்கள் வீட்டுக் கூடத்தில் வைத்து, ஒயரை மாட்டி, முதல் பாட்டைப் போட்டுக் காட்டினேன். மாப்பிள்ளை மரியாதையாக உட்கார்ந்து கேட்டார். அடிபட்டது அவர் என்று நினைக்கிற மாதிரி ஒரு முகம் வைத்திருந்தார்.

“மாப்ள, பழசை நான் பேச வரலை” என்றேன். “எனக்கும் இந்தக் கோவம் இருந்துது, உங்களுக்கே தெரியும். தலைக்கேறுதுன்னு தெரிஞ்ச ஒடனே இதைப் போட்டுருங்க. சத்தம் நல்லா வெக்கோணும், கம்மியா வெச்சா வேலைக்காகாது. கதவைச் சாத்திக்குங்க. பன்னெண்டும் முடியறவரைக்கும் வெளிய வராதீங்க.”

“சரிங்க மச்சான். நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்றார்.

தங்கச்சி மோர் கொண்டுவந்து சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னது முழுதும் அவள் காதில் விழுந்தது. மோரைக் குடித்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு கிழங்குக் காட்டு வழியாக நடந்து வந்தேன்.

மூன்றாம் நாளே மேற்கிலிருந்து பாட்டு வந்தது. நான் கூண்டுகளுக்கு நடுவில் நின்று கேட்டேன். நாலாவது பாட்டு, ஐந்தாவது பாட்டு, வரிசை தப்பாமல் போனது. எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. இத்தனை பேருக்குச் சிபாரிசு செய்ததில் ஒருவர்தான் முழுதாகக் கேட்கிறார், அதுவும் என் மாப்பிள்ளை. போனில் செய்தி அனுப்பினேன், “எட்டாவது எப்படி இருக்குதுங்க மாப்ள?” சூப்பர் என்று பதில் வந்தது. பிறகு வாரத்தில் மூன்று நாள், நாலு நாள், சில வாரம் தினமும் கேட்டது. அந்த வழியாகப் போகிறவர்கள் யாரும் என்ன இவ்வளவு சத்தம் என்று கேட்கவில்லை. பண்ணையில் பாட்டு கேட்டால் கோழிக்குப் போடுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

தைப்பொங்கலுக்கு அவள் வந்திருந்தாள். முழங்கை தாண்டிக் கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள், புதுசாகத் தைத்தது என்றாள்.

“பாட்டெல்லாம் கேக்கறாராம்மிணி?” என்றேன்.

“கேக்கறாருங்கண்ணா.”

“உனக்குப் புடிச்சிருக்குதா?”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “எல்லாப் பாட்டும் எனக்கு மனப்பாடமுங்கண்ணா” என்றாள்.

நான் அப்போதே சேலத்து நண்பனைக் கூப்பிட்டு, என் தங்கச்சிக்கே பிடித்துவிட்டது, வரிசையாகச் சொல்கிறாள் என்று பீற்றிக்கொண்டேன். “அதெல்லாம் சரி, அடிக்கறது நின்னுச்சா?” என்று அவன் கேட்டான். நின்றுவிட்டது என்றேன். நான் அவளிடம் அதைக் கேட்கவே இல்லை. அந்தப் பக்கமிருந்து அவள் கத்துவது கேட்காததால் நின்றுவிட்டது என்று முடிவு கட்டியிருந்தேன்.

பங்குனி மாதம் ஒரு பிற்பகல். வெயில் மண்டையைப் பிளந்தது. கோழிக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்தபோது மேற்கில் பாட்டு ஆரம்பித்தது. அடுத்த பன்னிரண்டை ஏற்றி ஒரு புதுப் பென்டிரைவ் ஒரு வாரமாக என் சட்டைப் பையில் இருந்தது. இப்போதே கொடுத்துவிடலாம் என்று கிழங்குக் காட்டுக்குள் இறங்கினேன். ஓடையைத் தாண்டும்போது ஏழாவது ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் வாசலுக்குப் போனபோது எட்டாவது வந்தது.

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. பாட்டுக்கு நடுவில் தொந்தரவு செய்யக் கூடாது, முடிந்த பிறகு கூப்பிடலாம் என்று வேப்பமரத்து நிழலில் நின்றேன். கிடாருக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் எழுந்தது, எழுந்து இழுத்து, உடைந்து, மறுபடி எழுந்தது. நான் கண்ணை மூடித் தலையை ஆட்டினேன். பொட்டி நல்ல பொட்டி, குரலை எவ்வளவு தனியாகப் பிரித்துக் கொடுக்கிறது என்று நினைத்தேன். இதுவரை கேட்காத இழைகளெல்லாம் கேட்கிறதே என்று நினைத்தேன். இதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நான் நின்று ரசித்தேன்.

பாட்டு முடிந்தது. குரல் முடியவில்லை.

நாலு வினாடி. நான் வைத்த இடைவெளி. அதற்குள் பெல்ட்டின் வீச்சு ஒன்று கேட்டது, “அய்யோ, முடியலீங்க” என்று என் தங்கச்சியின் குரல் கேட்டது. அப்புறம் ஒன்பதாவது பாட்டு வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

கதவை எத்தனை உதையில் உடைத்தேன் என்று நினைவில்லை. அவர் கையில் தீவன அரவை மோட்டாரின் ரப்பர் பெல்ட் இருந்தது. அவள் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு கிடந்தாள், முதுகில் ரவிக்கை கிழிந்து தோலோடு ஒட்டியிருந்தது. அவர் திரும்பி, “மச்சான்” என்றார். அந்தச் சொல்லை முடிக்க விடவில்லை. மூக்கில் விட்ட முதல் குத்திலேயே எலும்பு நகர்ந்தது கையில் தெரிந்தது. பெல்ட் பிடித்த கையை நிலைப்படியில் வைத்துக் கதவைச் சாத்தினேன், உடைந்த கதவு சரியாகச் சாத்தவில்லை, மறுபடி சாத்தினேன். இரண்டு வருஷம் சும்மா இருந்த கைக்கு அது சுகமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் அந்தப் பொட்டியை இரண்டு கையாலும் தூக்கி அவர் மேல் போட்டேன். ஒயர் பிய்ந்து பாட்டு நின்றது.

அடுத்த நொடி அவர்கள் ஷெட்டில் கோழிகள் பொங்கிவிட்டன. வீட்டிலிருந்து வந்த சத்தத்துக்கே அவை பழகியிருந்தன. அது சட்டென்று அறுந்ததும் ஒரு ஷெட்டு முழுதும் கம்பியில் மோதி அலற ஆரம்பித்தது. அந்த அலறலில் அவள் என் காலைப் பிடித்து ஏதோ சொன்னது கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்தது, போதும் என்கிறாள்.

அவர் சாகவில்லை. வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது, தாடை விலகியது. என் மேல் ஒரு கேஸ், அவர் மேல் ஒரு கேஸ், இரண்டும் நடக்கின்றன. எனக்கு என்ன தண்டனை வந்தாலும் சரி, அதற்காக வருத்தப்படப் போவதில்லை.

அன்றைக்கு அவளை நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். விலா எலும்பைப் படம் எடுக்க வேண்டும் என்று வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என் சட்டையை அவள் முதுகில் போர்த்தியிருந்தேன். நான் பனியனோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள்தான் முதலில் பேசினாள்.

“நாலாவது பாட்டுக்குத்தான் எப்பவும் ஆரம்பிப்பாருங்கண்ணா. மொத மூணுலயும் அடி கேட்டுரும்ல. பாட்டு மாறறப்பக் கைய நிறுத்திக்குவாரு. அந்தப் பொம்பள ஒருத்தி இழுத்துப் பாடுவாளே, அது வந்துட்டா அவருக்குக் கை ஓஞ்சுரும். அது எப்ப வரும்னு எண்ணிக்கிட்டே கெடப்பேன். இன்னைக்கு அது வந்தும் உடலை.”

“ஏஞ்சாமி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பொங்கலுக்கு வந்தியே, அப்பக்கூடச் சொல்லலியே.”

அவள் எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்றதுக்கு என்னங்கண்ணா இருக்குது? பொட்டிய நீங்கதான கொண்டாந்து குடுத்தீங்க. கோவம் வந்தாப் போடுங்க, சத்தமா வெய்யுங்க, கதவச் சாத்திக்குங்கன்னு என்ற முன்னாலதான சொன்னீங்க.” உதடு வலித்ததால் கொஞ்சம் நிறுத்தினாள். “என்ற சத்தம் நம்மூட்டுக்குக் கேக்க வேண்டாம்னுதான் குடுத்தீங்கன்னு நெனச்சேன்.”

படம் எடுக்க உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்திருப்பதற்குக் கை கொடுத்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்து போனாள்.